இரட்டைக் கடிகாரம்

ஒன்று டிக் டிக் என்கிறது, இன்னொன்று பீப் என்கிறது. இரண்டையும் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எதை எடுப்பது என்று தெரியாமல் நான் நிற்கிறேன், கடைக்காரர் பொறுமையாக நிற்கிறார், கீழே ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வாசலில் எங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நிற்கிறார். எப்போதும் வண்டிக்குப் பின்னால்தான் நிற்பார். கூட்ஸ் கார்டாக வேலை பார்த்தவர், சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியிலேயே பாதி ஆயுசு போயிற்று, ஸ்கூட்டராகவே இருந்தாலும் அதன் பின்பக்கம் போய் நின்றால்தான் அவருக்கு நிம்மதி. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் உச்சந்தலையில் முடி கொட்டின இடம் தெரிகிறது. இவ்வளவு கொட்டிவிட்டதா? எப்போது? நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொட்டியிருக்கிறது. "செஸ் ஆடறது யாருங்க்கா, பேரனுங்களா, பேத்திங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கும் அவருக்கும் என்று ஜன்னலைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை மென்று விழுங்கினார். "டோர்னமென்ட்டுக்குங்களா?" "இல்லீங்க தம்பி, சும்மா வூட்ல ஆடறதுக்கு." "சும்மா ஆடறதுக்கு எதுக்குங்க்கா கடிகாரம்? ஆற அமர ஆடலாமுங்களே." அந்த மனுஷன் தெரியாமல் கேட்டுவிட்டார், எனக்குத்தான் சுருக்கென்றது.

ஆற அமரவா? எங்களைவிட ஆற அமர ஆடினவர்கள் இந்த ஈரோட்டில் இருக்க முடியாது. நித்திலா, எங்கள் ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் செஸ் கற்றுக்கொள்கிறேன் என்று அடம்பிடித்து வாங்கின அட்டை. ஒரு மழைக்காலம் முழுக்க ஆடிவிட்டு ஸ்கேட்டிங் என்று ஓடிவிட்டாள், அட்டை குள்ள ஃப்ரிட்ஜின் தலைமேல் ஏறிக்கொண்டது. எனக்கு ஜி.ஹெச்சில் நர்ஸ் வேலை, கேட்டு வாங்கின நைட் டூட்டி, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அவருக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்றே தெரியாத டூட்டி, அவரும் இல்லாத ராத்திரியில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பிள்ளையோடு படுத்துக்கொள்வாள். நான் செருப்பைக் கழற்றும்போது அவர் லைன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார், அதில்தான் கொடி, விளக்கு, மாற்றுத்துணி எல்லாம். வாசலில் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு தாண்டுவோம், கொழம்பு மூடி வெச்சிருக்கேன், கேஸ் தீரப்போகுது, பாப்பாவுக்குக் காச்சல் விட்டிருச்சு, அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். அப்படி இருக்கையில் ஒருநாள் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் தள்ளி நின்றது. பிள்ளை தூங்குகிறாள், பேய் வந்து ஆடியிருக்காது. நான் ஒரு கறுப்புச் சிப்பாயை எதிரே நிறுத்திவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன், திரும்பி வந்தால் வெள்ளைக் குதிரை கிளம்பியிருந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருதரம் யார் முறை என்று குழம்பி அவர் அடுத்தடுத்து இரண்டு காய் நகர்த்திவிட்டார், எனக்கு வந்த கோபத்தில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து அட்டையின் ஓரத்தில் மாட்டினேன். அன்றிலிருந்து அதுதான் சட்டம். கிளிப் யார் பக்கம் மாட்டியிருக்கிறதோ அவர் ஆடவேண்டும், ஆடிவிட்டுக் கிளிப்பை எதிர்ப்பக்கம் மாட்டிவிட்டுப் போகவேண்டும். போகவேண்டும் என்பதுதான் முக்கியம். ஆடிவிட்டு அங்கேயே நின்றது கிடையாது, நிற்க நேரம் ஏது? சரக்கு ரயிலை எங்காவது ஓரங்கட்டிவிட்டால் மணிக்கணக்கில் கிடக்குமாம், அந்தக் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து அம்மாவோட குதிரைய என்ன பண்றதுன்னு யோசிப்பேன் பாப்பா என்று நித்திலாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நானும்தான், டிரிப் பாட்டிலை மாற்றிவிட்டு வந்து வார்டு மேஜையில் உட்கார்ந்தால் அவருடைய யானை கண்முன் வந்து நிற்கும், என்ன எண்ணத்தில் இதை இந்த மூலைக்குக் கொண்டுவந்தார் இந்த மனுஷன் என்று.

கடைக்காரர் பீப் கடிகாரத்தின் பின்னால் இருக்கிற பொத்தான்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். தலையை ஆட்டுகிறேன், ஒன்றும் ஏறவில்லை. ஒரு காயை வைத்தே ஆளைப் படிக்கலாம் என்று சொன்னால் இவர் நம்புவாரா? ஒருமுறை என் வீட்டுக்காரர் ராஜாவை மட்டும் ஒரு கட்டம் நகர்த்தியிருந்தார். மறுநாள் அதே ராஜா பழைய கட்டத்துக்குத் திரும்பியிருந்தது. அதற்கடுத்த நாளும் அதே. அவ்வளவு காய்கள் இருக்க, ராஜாவை மட்டும் இங்கும் அங்கும். அப்போதே புரிந்தது, வண்டியில் யாரோ விழுந்திருக்கிறார்கள், இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டியது கார்டுதானே, பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நானும் ராணியை அசைக்காமல், ஓரத்துச் சிப்பாயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன், ஒருநாள் குதிரை தாண்டிக் குதித்து என் யானையை மிரட்டியது, அப்பாடா என்று இருந்தது. என் வார்டில் ஒரு பிள்ளை போனபோது கிளிப் என் பக்கமே கிடந்தது, எனக்கு அதைத் தொடவே தோன்றவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. போகிறபோதெல்லாம் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு கமலா ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனார், நான் தின்றுவிட்டுத் தோலை அங்கேயே வைப்பேன், தோல் காணாமல் போய்ப் புதுப்பழம் இருக்கும். சண்டையும் உண்டு. என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வராமல் போனதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், பேச்சே இல்லை, ஆனால் ஆட்டம் நிற்கவில்லை, அந்த ஒரு ஆட்டத்தில் அவருடைய காய்களை நான் வெட்டித் தள்ளின வேகம் எனக்கே பயமாக இருந்தது. தோற்றுவிட்டு ராஜாவைப் படுக்கவைத்து அதன்மேல் ஒரு முழம் மல்லிகைப்பூவைச் சுற்றி வைத்திருந்தார். இப்படிப்பட்ட ஆளோடுதான் நான் வாழ்ந்தேன். வாழ்ந்தேன் என்றுதான் சொல்லவேண்டும், வேறு என்ன சொல்வது அதற்கு? சில பெண்கள் ஒரே வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எங்களுக்குள் ஒன்றும் இல்லை என்று என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். எனக்குள் இருந்த கர்வம் யாருக்கும் தெரியாது.

அந்தக் கர்வம்தான் போன வாரம் பொடிப்பொடியாகப் போயிற்று. அவர் ரிடையர் ஆனார் என்று மாலை போட்டு, ஜீப்பில் உட்கார வைத்துக் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டார்கள். எனக்கும் இப்போது பகல் டூட்டி, சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் வீட்டில். மகள் புனேவில். முதல் நாள் சாயங்காலம் அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் வந்தார், நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், காயை எடுத்தார், வைத்தார், கிளிப்பை என் பக்கம் மாட்டினார், மாட்டிவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். போவதற்கு இடம் வேண்டுமே. நானும் பார்க்காத மாதிரி ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வந்தார், அவர் போன பிறகுதான் எனக்கு ஆட வந்தது. கல்யாணமான புதிதில்கூட எங்களுக்குள் இவ்வளவு கூச்சம் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தொண்டையைச் செருமுகிறார், நான் மோர் ஊற்றட்டுமா என்கிறேன், ஊற்று என்கிறார், பிறகு ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. எங்கே நின்றாலும் யாருக்கோ வழி விடுகிற மாதிரியே நிற்கிறார், தன் வீட்டில். அப்போதுதான் அந்த ஃபோன். ஏதோ சிமெண்ட் ஆலையாம், ஆலைக்குள்ளேயே தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார்களாம், ரிடையர் ஆன கார்டுகள் வேண்டுமாம், தங்க ரூம் கொடுப்பார்களாம், மாதம் ஒருதரம் ஊருக்கு வரலாமாம். சொல்லும்போது அவர் முகம் தெளிந்த மாதிரி எனக்குத் தோன்றியது, அல்லது தோன்ற வைத்துக்கொண்டேனா? "போகட்டுமா?" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், மரகதம்? நோயாளியிடம், டாக்டரிடம், ஆஸ்பத்திரிக்கு வருகிற மந்திரியிடம்கூட வாயாடுகிறவள், அங்கே மட்டும் உங்க இஷ்டம். அவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு செஸ் கடிகாரம் வாங்கலாமா? நேருக்கு நேர் உக்காந்து ஆடிப் பாப்போம், செட் ஆச்சுன்னா இருக்கறேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆலைக்காரர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். அதனால்தான் கடிகாரம், தம்பி. அதற்காகத்தான் இந்த வெயிலில் உங்கள் கடைப் படியேறி வந்திருக்கிறேன். எங்களால் எதிரெதிரே உட்கார முடிகிறதா என்று பார்ப்பதற்கு.

"இது டிஜிட்டலுங்க்கா. ஒவ்வொரு காய் ஆடறப்பவும் சில செகண்டு தானாச் சேர்ந்துக்கும், அவசரப்பட வேண்டாம்." பொத்தானை அமுக்கினார், பீப் என்றது, எனக்குத் தோள்பட்டை இறுகியது. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் மானிட்டரில் இது மாறினால் ஓடவேண்டும். வேண்டவே வேண்டாம், இதை வீட்டுக்குள் கொண்டுபோனால் அவர் ஆடி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் நான் அவருடைய கையைப் பிடித்து நாடி பார்ப்பேன். பார்க்கத்தான் வேண்டும். ரிடையர் ஆன வருஷத்தில் எங்கள் ஆண்கள் வார்டுக்கு வந்து சேர்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேனே, வேலையில் இருந்தவரை இரும்பு மாதிரி இருந்தவர்கள், கூட வந்த பெண்டாட்டி திருதிருவென்று முழித்துக்கொண்டு ஒன்றுமே பண்ணலீங்க, சும்மாதாங்க உக்காந்திருந்தாரு என்பாள். சும்மா உட்காருவது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை. அவரையும் அப்படிச் சும்மா உட்கார வைத்துவிட்டு ஒருநாள் நானும் யாரோ ஒரு நர்ஸிடம் அதையே சொல்லிக்கொண்டு நிற்பேனோ, அதற்கு ஆலைக்கே போகட்டும், கொடியைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருக்கட்டும், மாதம் ஒருதரம் வந்தால் போதும், உயிரோடு வந்தால் போதும். இல்லை, போதாது. இத்தனை வருஷம் போதும் போதும் என்று சொல்லியே பழகிவிட்டேன். எனக்குப் போதவில்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டார், நல்ல மனுஷன். மரப்பெட்டிக் கடிகாரத்தை முன்னால் தள்ளினார். முதுகில் திருகுகிற சாவி, முன்னால் இரண்டு வட்டம், தலைமேல் இரண்டு குமிழ். இந்தக் குமிழை அமுக்கினால் என் பக்கம் நின்று அவர் பக்கம் ஓடும், அவர் அமுக்கினால் என்னுடையது ஓடும். எங்கள் கிளிப் செய்கிற வேலைதான், கூடவே சத்தம் போடுகிறது. பன்னிரண்டுக்குப் பக்கத்தில் சிவப்பாகச் சின்னதாக என்னவோ இருந்தது, என்ன என்று கேட்டேன். "கொடிங்க்கா. நேரம் முடிஞ்சா விழுந்துரும், விழுந்தா தோல்வி." சிவப்புக் கொடியா? அவருக்குச் சொல்லியா தரவேண்டும், வாழ்நாள் முழுக்க ஆட்டினவருக்கு. பார்த்தால் சிரிப்பார். சிரிப்பாரா? எந்த விஷயத்துக்குச் சிரிப்பார் என்று நான் யோசித்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

அங்கேதான் எனக்குப் போய்ப் போய் முட்டுகிறது. அவருடைய பி.பி. தெரியும், சர்க்கரை எவ்வளவு என்று தெரியும், இடது காதில் கொஞ்சம் மந்தம் என்று தெரியும். குதிரையைத் தொலைத்தால் அதற்கப்புறம் அவசரப்படுவார் என்று தெரியும். ஆனால் குதிரையைத் தொலைக்கிற அந்த நொடியில் அவர் முகம் எப்படி இருக்கும்? உதட்டைக் கடிப்பாரா, காலை ஆட்டுவாரா, வாய்க்குள் ஏதாவது முணுமுணுப்பாரா? யோசிக்கிற அவரை நான் பார்த்ததே இல்லையே. யோசித்து முடித்துவிட்டுப் போனவரைத்தான் பார்த்திருக்கிறேன். ஃப்ரிட்ஜ் மேல் ஆடின ஆள் ரொம்பவும் நிதானமானவர், குறும்புக்காரர், மனசில் ஈரம் உள்ளவர், அந்த ஆளை எனக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்ன பிடிக்கும், அவர்மேல் எனக்கு உயிர். சாப்பாட்டு மேஜையில் தொண்டையைச் செருமுகிற ஆள் வேறு யாரோ. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், எனக்குத்தான் நெஞ்சுக்குள் அது ஒட்டவில்லை. எதிரே உட்கார்ந்து, கடிகாரம் ஓடி, அவருக்கு என்மேல் எரிச்சல் வந்துவிட்டால்? சீக்கிரம் ஆடேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? நேரம் கொடுத்தால் நான் நன்றாக ஆடுவேன், நேரம் கொடுக்காவிட்டால் நான் ஒரு மண்ணும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டால்? பிறகு அந்த ஃப்ரிட்ஜ் ஆட்டமும் போய்விடும், இதுவும் இருக்காது, ஆலை இருக்கும். கீழே பார்க்கிறேன். டீக்கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்க்கிறார், யாருக்காகவோ வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. சட்டைப் பைக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறார். ஆலைக்காரர்களா? வேறு யார் இவருக்குக் கூப்பிடப் போகிறார்கள்? இத்தனை வயசுக்கு மேல் புருஷன் ஃபோனை எடுத்தால் ஜன்னலில் எட்டி நின்று வேவு பார்க்கிறேன் நான், வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

"ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டு எடுங்க்கா. கைக்குப் பழகுதான்னு தெரியணுமில்ல. அவரையும் மேல வரச்சொல்லுங்க" என்றார் கடைக்காரர். இங்கேயா, இப்போதா? வீட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப்பார்த்து, சரிவரவில்லை என்றால் யாருக்கும் தெரியாமல் அதைப் பரணில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வேண்டாம் தம்பி என்று சொல்ல வாயெடுத்தவள் ஜன்னலைத் திறந்து கையை ஆட்டிவிட்டேன், எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த உடனே, யோசிக்கவே இல்லை, கையைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினார், பச்சைக்கொடி காட்டுகிற ஆட்டல். ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார். "வண்டிய எடுக்கச் சொல்லல, மேல வாங்க!" என்று கத்தினேன், டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அப்பா, சிரிக்கிறார். படியேறி வந்தார், கொஞ்சம் மூச்சு வாங்கியது, நாடி எவ்வளவு இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது, அடங்கு மரகதம். "என்னம்மிணி, ஆயிருச்சா?" "ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கச் சொல்றாரு இந்தத் தம்பி." "இங்கயா?" என்றார், நான் கேட்ட அதே குரலில். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஸ்டூல் மேல் அட்டை. உட்கார்ந்தோம். என் முழங்கால் ஸ்டூலில் இடித்தது, அவர் முழங்காலும் இடித்தது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டோம். அவருக்கு வெள்ளை. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு, "கறுப்பு அமுக்குனா வெள்ளைக்கு ஓடுமுங்க" என்றார் கடைக்காரர். நான் குமிழை அமுக்கினேன். அவர் பக்கம் டிக் டிக் என்று கிளம்பியது.

அவர் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு விரலால் தூக்கி, இரண்டு கட்டம் தள்ளி, ஒரு தட்டுத் தட்டி வைத்தார். இப்படித்தான் வைப்பாரா, தட்டி? பிறகு அவர் விரல்கள் அட்டையின் ஓரத்தைத் தடவின, எதையோ தேடின, அது அங்கே இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. எழுந்தார், பேண்ட்டை இடுப்பில் ஏற்றி விட்டுக்கொண்டார், திரும்பி நேராக வாசல் கதவைப் பார்த்து நடந்தார். கடிகாரம் அவர் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. "சார்! சார், எங்கீங்க போறீங்க?" கடைக்காரர் பதறிவிட்டார். எனக்கு மட்டும் புரிந்தது, அடி வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்து மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீராக வந்தது. ஆடியாயிற்று, போகவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ஆட்டம். கதவின் கைப்பிடியைப் பிடித்தவர் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார், "அட" என்றார், காது மடல் சிவந்துவிட்டது. வந்து உட்கார்ந்து பச்சைப்பிள்ளை மாதிரி குமிழை அமுக்கினார். என் பக்கம் ஓடத் தொடங்கியது. நான் சிப்பாயை எதிரே வைத்தேன், வைத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை, எழுந்து நின்றிருக்கிறேன். "நீயெங்க போற, டூட்டிக்கா?" என்றார் அவர். கடைக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பாவம், இரண்டும் ஒரு மாதிரி என்று முடிவு கட்டியிருப்பார். நான் பையைக் கழற்றி, தோளில் திரும்ப மாட்ட முடியாதபடி கீழே தரையில் வைத்தேன்.

பிறகு ஆட்டம் நகர்ந்தது. குதிரை வந்தது, என் குதிரையும் வந்தது, தட்டித் தட்டி வைக்கிறார், குமிழை மட்டும் கோழிக்குஞ்சைத் தொடுகிற மாதிரி மெதுவாகத் தொடுகிறார். இதோ என் முறை. அவருடைய சிப்பாய் ஒன்று துணையில்லாமல் நிற்கிறது, எடுக்கலாம், ஆனால் சும்மா எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லையே இவர், எடுத்தால் பின்னாலிருந்து என்ன வரும், ராணியா, இல்லை ராணி வர வழியில்லை, அப்போது யானையா என்று போய்க்கொண்டே இருந்தவள் எதற்கோ தலையை நிமிர்த்தினேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ. "ஏம்மிணி," என்றார், "யோசிக்கறப்ப நீ மூக்குத்தியத் திருகுவியா?" என் கை மூக்கில்தான் இருந்தது. எனக்கே தெரியாது. "தெரியலீங்களே" என்றேன். "நானும் பாத்ததே இல்ல, பாரு" என்றார், அந்தக் குரலில் இருந்தது ஃப்ரிட்ஜ் மேல் பழம் வைத்த அதே ஆள், வேறு யாரும் இல்லை. அவர் கண்ணுக்குக் கீழே இரண்டு சுருக்கம், வலது புருவத்தில் ஒற்றை நரைமுடி, யோசிக்காமல் காத்திருக்கும்போது அவர் உதடு லேசாகத் திறந்திருக்கிறது, இதுதான் அந்த முகம், இதைப் பார்க்காமலா இவ்வளவு காலம் இவரோடு ஆடினேன்? சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. கையை அதன் மேல் வைத்தார், எடுக்கவில்லை, எடுக்காமலும் இல்லை. வருஷக்கணக்காக வாசலில் நின்று நான் அவரிடம் சொன்னதெல்லாம் போயிட்டு வாங்க என்பதுதான், நாக்கு அதையே சொல்லத் தயாராக இருந்தது, நான் அதை அடக்கினேன். "போவாதீங்க" என்றேன். "அந்த ஆலைக்குப் போவாதீங்க. எனக்கு நீங்க வூட்ல வேணும்." சொல்லிவிட்டேன், கடைக்காரர் எதிரிலேயே சொல்லிவிட்டேன். ஃபோன் அடித்து ஓய்ந்தது. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "அக்கா, உங்க டைம்தாங்க ஓடிட்டிருக்குது" என்றார். ஓடட்டுங்க தம்பி என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்து போகவில்லை.